கூழ் என்று எழுதலாமா?

நாகமலை புதுக்கோட்டையில் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் நாங்கள் மூவரும் சென்ற ஆண்டின் பெரும்பகுதியை ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலுக்கே கொடுத்தோம். படித்ததோடு நில்லாமல் சில அத்தியாயங்களைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கும் ஆசையும் வந்தது. திமிங்கிலத்தின் மண்டையோட்டையும் கப்பலின் கயிறுகளையும் ஒருவாறு கடந்துவிட்ட எங்களைப் பதினைந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு தடுத்து நிறுத்தியது. ஒரே ஒரு சொல்: சௌடர்.

இரவில் நான்டுகெட் தீவில் வந்திறங்கும் இஷ்மேலும் குவிக்குவெக்கும் ஒரு விடுதியில் பசியோடு அமர்கிறார்கள். மட்டியா, காட் மீனா என்று விடுதிக்காரி கேட்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மட்டிதானா என்று இஷ்மேல் மிரள்கிறான். (எங்கள் ஊரில் மட்டி என்றால் மூடன். அந்த வரியை மொழிபெயர்த்தபோது நாங்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.) வந்ததோ ஆவி பறக்கும் ஒரு பெருங்கலவை. சின்னஞ்சிறு மட்டிகள், இடித்துப் போட்ட கப்பல் ரொட்டி, உப்பிட்ட பன்றியிறைச்சித் துணுக்குகள், வெண்ணெய், மிளகு. இதற்குத் தமிழில் என்ன பெயர்?

சொல்லின் வேரைத் தேடினோம். கொப்பரையைக் குறிக்கும் ‘ஷோதியேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். அதற்கும் பின்னால் சூடு என்னும் பொருளுடைய லத்தீன் வேர் நிற்கிறது. பிரிட்டனி கரையின் மீனவர்கள் நியூபவுண்ட்லாந்துக்கு எடுத்துச் சென்ற வழக்கம் அங்கிருந்து தெற்கே இறங்கியதாம். 1751இல் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் இதன் செய்முறை செய்யுளாகவே அச்சாகியிருக்கிறது. மீன் விற்பவனைக் குறிக்கும் இங்கிலாந்தின் வட்டாரச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது என்போரும் உண்டு. எங்கள் மனம் கொப்பரையின் பக்கமே சாய்ந்தது. அதற்குக் காரணம், அந்த பிரெஞ்சுக் கரையில் ‘கொப்பரை வைத்தல்’ என்றே ஒரு வழக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆளுக்குக் கொஞ்சம் மீனோ ரொட்டியோ கொண்டுவந்து போட்டு, வெந்ததும் ஆளுக்கொரு பங்கு பெற்றுக்கொள்வார்களாம்.

கூட்டாஞ்சோறு அல்லவா என்றார் நண்பர். ஆனால் சோறு இல்லையே! மீன்சாறு என்றால் நீர்த்துவிடுகிறது. குழம்பு என்றால் பக்கத்தில் சோறு கேட்கிறது. சௌடர் என்றே விட்டுவிடலாமே என்றும் யோசித்தோம். ஆங்கிலேயர் நம்மிடம் அப்படித்தானே செய்தார்கள்? நம் மிளகுத்தண்ணீரை ‘முல்லிகடானி’ ஆக்கி, அதில் இறைச்சியையும் சேர்த்துக் குடித்தார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இதைத் தமிழ்ச்சொல் என்றே பதிவுசெய்கிறது. சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கு ‘முல்’ என்ற கேலிப்பெயரே அதிலிருந்து வந்ததாம். கஞ்சியும் அந்த அகராதியில் இருக்கிறது. படைப்பிரிவின் சிறைக்கொட்டடிக்குக் ‘கஞ்சி வீடு’ என்று பெயர். ஆனாலும் சொல்லை அப்படியே கடன் வாங்கிவைப்பது சோம்பல் என்று எங்களுக்குப் பட்டது.

இந்நிலையில்தான் அந்த அம்மையாரிடம் கேட்டோம். யாழ்ப்பாணத்தவர், 1990இல் படகேறி வந்து, முகாமில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு எங்கள் பகுதியில் வாடகைக்குக் குடிவந்தவர். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். அத்தியாயத்தை வாசித்துக் காட்டினோம். முடிக்கக்கூட விடவில்லை.

“இதென்ன தம்பி, கூழெல்லோ! கூழ் எண்டு எழுதுங்கோ.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்குக் கூழ் என்றால் கேப்பை, கம்பு, ஆடி மாதத்து அம்மன் கோயில். கூழானாலும் குளித்துக் குடி என்பதில் இருப்பது வறுமை. அவர் சொன்ன கூழிலோ மீன், நண்டு, இறால், கணவாய், பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், புளி, செத்தல் மிளகாய். எல்லாவற்றையும் தடிப்பாக்குவது ஒடியல் மா. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கிய பிறகே கூழில் கரைப்பார்கள். கெடாமல் நாள்பட இருக்கும் கப்பல் ரொட்டி சௌடரில் செய்யும் வேலையை இங்கே ஒடியல் செய்கிறது. பனையோலையை மடித்த பிளாவில் ஊற்றி, எல்லோரும் சுற்றியிருந்து குடிப்பார்களாம்.

கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

“ஒராளுக்குக் கூழ் காய்ச்சேலாது தம்பி.”

அதற்குப் பிறகு எந்த அகராதியையும் நாங்கள் புரட்டவில்லை. தை மாதம் தெருவில் கட்டுக்கட்டாய் விற்ற பனங்கிழங்கை வாங்கினோம். எங்களுக்கு அதை வேகவைத்துத் தின்னத்தான் தெரியும். பச்சையாகக் கிழித்து மொட்டைமாடியில் உலர்த்தினோம். பாதியைக் குரங்குகள் கொண்டுபோயின. ஒருவர் நண்டும் இறாலும் வாங்கிவந்தார், ஒருவர் மரவள்ளி. பலாக்கொட்டை கிடைக்கவில்லை. அம்மையார் ஒரு முக்காலியில் அமர்ந்து ஆணையிட, எங்கள் வீட்டு அண்டா அன்று கொப்பரை ஆயிற்று. தெருவிலிருந்து மேலும் நான்கைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். பிளா மடிக்க ஓலை இல்லை. எவர்சில்வர் தம்ளரில்தான் ஊற்றினோம்.

அத்தியாயத்தின் தலைப்பைக் கூழ் என்றே எழுதியிருக்கிறோம். மதுரை வாசகர் முதல் வரியில் கேப்பைக் கூழை நினைத்துக்கொண்டு, நான்காம் பக்கத்தில் திகைத்தால் திகைக்கட்டும்.

அம்மையார் ஒரு வாய் குடித்துவிட்டுப் “புளி காணாது” என்றார். பிறகு தம்ளரை மறுபடியும் நீட்டினார்.