முப்பதில் நின்ற திரை

ஆடி 3

புதுத் திரை வந்துவிட்டது. 27 அங்குலம், 4கே. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் அத்தனை துல்லியமாக வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சீராக ஓடவில்லை, விட்டுவிட்டுத் தாவுகிறது. பேனாவை வைத்து ஒரு மாங்காய் வளைவு போட்டுப் பார்த்தேன். கை முன்னே போகிறது, கோடு பின்னால் வருகிறது. ஒரு மணி நேரம் வரைந்ததும் கண் எரிய ஆரம்பித்துவிட்டது.

இந்தத் திரையை வாங்கியதே அகலத்துக்காகத்தான். இளம்பிள்ளையில் இப்போது என்னிடம் வரும் சேலை டிசைன்களில் பெரும்பாலானவை 2688 கொக்கி எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு. தறியில் பாவு நூலைத் தூக்கும் ஒரு கொக்கிக்கு டிசைனில் ஒரு புள்ளி என்று கணக்கு. அகலத்தில் 2688 புள்ளி. லேப்டாப் திரையின் அகலம் 1920 புள்ளிதான். பார்டரைப் பார்க்கும்போது உடல் தெரியாது, புட்டாவைப் பார்க்கும்போது பார்டர் ஓடிவிடும். சுருக்கிப் பார்த்தால் ஒற்றைப் புள்ளிகள் மறைந்துவிடும். மறைந்த புள்ளி தறியில் மறையாது, துணியில் பிசகாக வந்து நிற்கும். 4கே திரையின் 3840 அகலம் இருந்தால் டிசைன் முழுவதையும் புள்ளிக்குப் புள்ளியாக ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆவணிக் கல்யாண ஆர்டர்கள் வரிசையில் நிற்கின்றன.

ஆடி 4

விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளேக்குள் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தேன். ரெப்ரெஷ் ரேட் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம். பட்டியலை இறக்கிப் பார்த்தால் 30, 29.97, 25, 24 என்று இருக்கிறதே ஒழிய 60 இல்லை. அட்டைப் பெட்டியில் 60 என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பெட்டியில் இருப்பது திரையால் முடிந்தது. லேப்டாப், அதன் போர்ட், கேபிள், திரையின் போர்ட் நான்கும் ஒத்துக்கொண்டால்தான் அந்த எண் கைக்கு வரும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளி. நொடிக்கு 60 முறை என்றால் 50 கோடியை நெருங்குகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே விடும் வெற்று இடைவெளியையும் சேர்த்தால், எச்டிஎம்ஐ முறையில் நொடிக்கு 59.4 கோடிப் புள்ளி போக வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தின் உச்சமே 34 கோடிதான். 30 ஹெர்ட்ஸுக்கு 29.7 கோடி போதும். அது உள்ளே அடங்குகிறது. அதனால்தான் திரை முப்பதில் நிற்கிறது. திரையிலோ லேப்டாப்பிலோ எதுவும் பழுதில்லை. நடுவில் எங்கோ வழி குறுகலாக இருக்கிறது.

30 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 33 மில்லி நொடி. 60-இல் அது ஏறக்குறைய 17. படம் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். கையால் வரைபவருக்குத் தெரிந்தே தீரும்.

ஆடி 6

ராத்திரி அப்பா தறிக்கொட்டகையிலிருந்து வந்தவர், "என்ன கண்ணு, டிவி வாங்கிட்டு வந்து முறைச்சுப் பார்த்துட்டே உக்காந்திருக்க?" என்று கேட்டார். ஹெர்ட்ஸ் என்று ஆரம்பித்ததுமே, "அது மோட்டார்ல எழுதியிருக்குமே, அம்பது" என்றார். உண்மைதான். அவருடைய தறி மோட்டார் தகட்டில் 50 ஹெர்ட்ஸ், 1440 சுற்று என்று பொறித்திருக்கிறது. மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால் அந்த மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. பாரம் இழுக்கும் மோட்டார் சற்றே பின்தங்கி 1440-இல் ஓடுகிறது.

"அப்ப நம்ம கரண்ட் அம்பது, இந்தப் பொட்டி ஏன் அறுவது?" நல்ல கேள்வி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதை ஒட்டித்தான் அங்கே டிவியை வகுத்தார்கள். 1953-இல் வண்ண ஒளிபரப்புக்கான தரத்தை முடிவு செய்தபோது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கும் இடைஞ்சல் வராமலிருக்க அதை 59.94 ஆகக் குறைத்தார்கள். கம்ப்யூட்டர் திரைகளின் பட்டியலில் 60-க்குப் பக்கத்தில் 59.94 என்று இன்றும் தெரிவது அந்த மிச்சம். அது கோளாறு இல்லை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நம் நாட்டு டிவி 50-ஐ ஒட்டி வந்தது. 1982-இல் வண்ணம் வந்தபோதும் அப்படியே தொடர்ந்தது. கம்ப்யூட்டர் திரைக்கோ தனக்கென்று ஒரு கடிகாரம் உள்ளே இருக்கிறது, சுவர் மின்சாரத்தின் அலைவு அதைத் தொடுவதில்லை.

அப்பாவுக்கு இதில் உடனடிப் பயன் ஒன்று கிடைத்தது. லேப்டாப்பை டிவியில் மாட்டி கிரிக்கெட் பார்க்கும்போது பந்து தத்தித் தத்திப் போகிறது என்பார். நொடிக்கு 50 படமாக வரும் ஆட்டத்தை 60-இல் ஓடும் திரையில் காட்டினால், நொடிக்குப் பத்துப் படத்தை இரண்டாம் முறை காட்டித்தான் கணக்கைச் சரிக்கட்ட முடியும். அந்த இடங்களில்தான் தத்தல். டிவிக்கு மட்டும் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பேசாமல் உட்கார்ந்து பார்த்தார்.

ஆடி 8

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடை. "கேபிள் பழசுங்க அக்கா, 2.1 கேபிள் போடுங்க, சரியாயிடும்" என்றார் கடைத் தம்பி. கேபிளுக்குப் பதிப்பு எண் என்பதே முறைப்படி கிடையாது. ஹை ஸ்பீடு, பிரீமியம் ஹை ஸ்பீடு, அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று வேகத்துக்கு ஏற்ற பெயர்தான் உண்டு. 4கே 60-க்குப் பிரீமியம் ஹை ஸ்பீடு போதும். போர்ட்டிலும் எண்ணை நம்ப முடியாது. 2.0 வசதி மட்டுமே உள்ள கருவியையும் இப்போது 2.1 என்று சொல்லி விற்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஆகவே கடையில் 'எத்தனாவது வெர்ஷன்' என்று கேட்பதில் பயனில்லை. '4கே-யில் 60 ஹெர்ட்ஸ், முழு வண்ணத்தில் வருமா' என்றுதான் கேட்க வேண்டும்.

பிரீமியம் கேபிளை வாங்கி வந்து மாட்டினேன். 30. திரையின் சொந்த மெனுவில் எச்டிஎம்ஐ முறை என்று ஒரு வரி இருந்தது, 2.0-இல்தான் இருந்தது. அதே கேபிளில் பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பை மாட்டினேன். கேட்காமலே 60 வந்தது. ஆகத் திரையும் கேபிளும் சரி. குறுகல் என் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. கேபிள், டிரைவர், அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரிந்திருக்காது.

ஆடி 10

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். பட்டியலில் 60 வந்துவிட்டது! அம்புக்குறி ஓடுகிறது, பேனா கையோடு வருகிறது. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

நேற்று முடித்த டிசைனைத் திறந்தேன். மெரூன் தரையில் ஒற்றைப் புள்ளி அகலத்தில் ஒரு சிவப்பு ஓரக்கோடு போட்டிருந்தேன். அது கோடாகவே இல்லை. தரையோடு கரைந்து ஒரு கலங்கலாகத் தெரிந்தது. பச்சைக் கொடிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் பழுப்பாகிவிட்டன. கறுப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் கலர் ஃபார்மட் என்று ஒரு வரி உண்டு, பலர் கண்ணில் படாத வரி. நேற்று வரை ஆர்ஜிபி, அதாவது முழு வண்ணம், என்று இருந்தது, இன்று 4:2:0 என்று மாறியிருக்கிறது. விஷயம் புரிந்துவிட்டது. இந்த முறையில் வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி தனியாக வருகிறது, வண்ணம் மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாக வருகிறது. அப்படிச் செய்தால் அனுப்ப வேண்டிய சுமை சரிபாதி, 59.4 கோடி 29.7 கோடியாகி, 30 ஹெர்ட்ஸ் போன அதே வழியில் 60 நுழைந்துவிடுகிறது. சினிமாவுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, படங்கள் பதிவாகி வருவதே பெரும்பாலும் இந்த முறையில்தான். நெசவு டிசைனுக்கு இது ஆகவே ஆகாது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொக்கி தூக்கும் இடம். நான்கு புள்ளியின் வண்ணத்தைக் கலந்து காட்டும் திரையில் எந்த ஊடை எங்கே வருகிறது என்று நான் எப்படிச் சரிபார்ப்பேன்?

அளவை 2560-க்கு 1440 என்று இறக்கினால் முழு வண்ணமும் வருகிறது, 60-உம் வருகிறது. அது 24 கோடிப் புள்ளி வேலைதான். ஆனால் 2560 அகலத்தில் 2688 கொக்கி அடங்காது. எதற்காகத் திரை வாங்கினேனோ அதுவே போய்விடும். இன்றைக்கு முழு வண்ணத்தோடு முப்பதுக்கே திருப்பி வைத்துவிட்டேன். வரைவது லேப்டாப் திரையில், சரிபார்ப்பது பெரிய திரையில்.

ஆடி 11

திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தி மகன் போனில் பேசினான். "அக்கா, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். ஃப்ரெண்டு வீட்ல பார்த்த மாதிரியே இல்ல." பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். 144 இருந்தது, தேர்வாகியிருந்தது 60. பெரும்பாலும் விண்டோஸ் தானாக 60-இல்தான் தொடங்கும். நாம்தான் போய் மாற்ற வேண்டும். ஒரே நிமிடத்தில் முடிந்தது. எத்தனை வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய 144 இப்படி 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கிறதோ. விற்பவர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் டூப்ளிகேட் முறையை விட்டு எக்ஸ்டெண்டுக்கு மாறவும் சொன்னேன். டூப்ளிகேட்டில் இரண்டுக்கும் பொதுவான அளவுக்கும் வேகத்துக்கும்தான் பெரிய திரையும் இறங்கி வர வேண்டியிருக்கும்.

ஆடி 14

லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு டைப்-சி போர்ட் உண்டு. அதன் பக்கத்தில் டி, பி இரண்டு எழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னியதுபோல் ஒரு சின்னக் குறி. அந்தப் போர்ட் வழியாக டிஸ்ப்ளேபோர்ட் படம் வெளியே வரும் என்பதற்கு அதுதான் அடையாளம். எல்லா டைப்-சி போர்ட்டிலும் வராது. கம்பெனியின் விவரத் தாளைப் படித்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

செல்போன் சார்ஜரின் டைப்-சி ஒயர் இதற்கு உதவாது. வடிவம் ஒன்றுதான், படத்துக்கு வேண்டிய கம்பிகள் பெரும்பாலான சார்ஜர் ஒயரில் கிடையாது. கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு ஹப். எச்டிஎம்ஐ, பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாம் ஒன்றிலேயே. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் '4கே 30 ஹெர்ட்ஸ்' என்று இருந்தது. காரணம் இதுதான்: டைப்-சியில் படம் போக நான்கு பாதை இருக்கிறது. பென்டிரைவுக்கு வேகம் வேண்டுமென்று ஹப் இரண்டு பாதையை எடுத்துக்கொள்கிறது. என் லேப்டாப்பின் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரம், ஒரு பாதைக்கு நொடிக்கு 432 கோடி பிட். இரண்டு பாதை 864 கோடி. 4கே 60 முழு வண்ணத்துக்கு 1280 கோடி தேவை. நான்கு பாதையும் கிடைத்தால் 1728 கோடி, தாராளம்.

ஆகவே ஹப் வேண்டாம் என்று சொல்லி, ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள நேர் கேபிள் வாங்கினேன். மாட்டியதும் திரை ஒரு கணம் கறுத்து எழுந்தது. 60 ஹெர்ட்ஸ், ஆர்ஜிபி, 8 பிட். விண்டோஸ் 11-இல் டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடு என்று இரண்டு வரி தனித்தனியாக இருக்கும். முதலாவது விண்டோஸ் வரைவது, இரண்டாவது கேபிளில் உண்மையில் போவது. இரண்டும் 3840-க்கு 2160, 60 என்றே காட்டின. மெரூன் தரையில் சிவப்புக் கோடு ஒற்றைப் புள்ளி அகலத்தில் அறுத்தாற்போல் நிற்கிறது. மாங்காய் வளைவை ஒரே இழுப்பில் முடித்தேன். இந்தக் கேபிளின் விலை திரையின் விலையில் ஒரு சிறு துண்டு.

ஆடி 18

பெருக்கு. தறி ஓடவில்லை, தெருவே மேட்டூருக்குப் போய்விட்டதுபோல் அமைதி. நானும் அம்மாவும் போய்க் காவிரியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் பின் தெருவில் டிசைன் போடும் அண்ணன் வந்திருந்தார். அவரிடமும் 4கே திரை இருக்கிறது. தலைவலி என்று கண்ணாடி மாற்றி, பிறகு சொட்டு மருந்து போட்டு, வயசாகிவிட்டது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன், முப்பதில் ஓடுகிறது. தலைவலிக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், கண் டாக்டர் சொன்னதை விடவும் கூடாது. ஆனால் பத்து மணி நேரம் வரையும் ஒருவர் கை ஓரிடம், கோடு ஓரிடமாகப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அவருடைய லேப்டாப்பில் டைப்-சி இருக்கிறது, ஆனால் அந்தக் குறி இல்லை. விவரத் தாளிலும் டேட்டா மட்டும் என்று இருக்கிறது. நேர் கேபிள் வாங்கினால் பணம் வீண். அவருக்கு வருவதெல்லாம் 1344 கொக்கி டிசைன்கள். அதற்கு 2560 அகலமே தாராளம். 2560-க்கு 1440, 60 ஹெர்ட்ஸ், ஆர்ஜிபி என்று வைத்துக் கொடுத்தேன். எழுத்து சற்று மென்மையாகத் தெரியும் என்று முன்கூட்டியே சொன்னேன். முந்தி டிசைன் ஒன்றைத் திறந்து பேனாவால் நாலு கோடு இழுத்துப் பார்த்தவர், "இப்படியே விடும்மா" என்றார். புள்ளிக்குப் புள்ளி கடைசியாகச் சரிபார்க்கும்போது மட்டும் 4கே-க்கு மாற்றிக்கொள்ள எந்த வரியை அழுத்த வேண்டும் என்று அவருடைய டிசைன் நோட்டின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.