மீகாமனும் வட்டவிதானையும்

சம்மான் என்னும் ஓடங்கள் தங்கிய துறையாதலின் சம்மாந்துறை எனப் பெயர் வந்ததென்பர் இவ்வூரார். ஓடமிருந்தால் மீகாமனும் இருந்திருப்பான். 1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் நோபேர்ட் வீனர் தாம் கண்ட புதுத்துறைக்குச் சைபர்நெற்றிக்ஸ் எனப் பெயரிட்டதும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டேயாம். கலம் விலகுவதைக் கண்டு, விலகிய அளவுக்கே சுக்கானைத் திருப்புகிறான் மீகாமன். அவ்விலகலின் செய்தி அவனை அடையாவிடின் கைவலிமை பயன்படாது. இதனை 1959இல் ஸ்ராபோட் பியர் நிறுவனங்களின் நிருவாகத்துக்குப் பொருத்தி நூல் செய்தார்.

யாமோ இதனை நூலிற் கற்குமுன் வட்டையிலே கண்டோம். கடைவயல் வெடித்தால் வயற்காரர் வட்டவிதானையிடம் முறையிடுவர். அவர் வரம்பில் நடந்து பார்த்துத் தலைமடையை அடைப்பிப்பார். கல்லோயாத் திட்டத்தால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தபின் நீர் பெருகிற்று, கதவோ தொலைவாயிற்று. கதவு திறப்போரிடம் அட்டவணை இருந்தது. கடைவயலின் வெடிப்பு அதில் ஏறவில்லை. அட்டவணைமேல் எமக்குப் பகையில்லை. பள்ளியில் மணியடிப்பதும் அதனைக் கொண்டுதானே!

1981இல் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர் சிலரை உழவரிடையே வாழ அனுப்பின. அவர்தம் தூண்டுதலால் ஒவ்வொரு வாய்க்காலின் உழவரும் குழுவாகக் கூடினர். அவர்களின் பிரதிநிதிகள் நீர்ப்பாசன அதிகாரிகளோடு ஒன்றாயமர்ந்து பேசினர். நீர் அருகிய அக்காலத்தில், மேலிருந்த சிங்கள உழவர் முறைவைத்துத் தம் மடைகளை அடைத்து, கடையிலிருந்த தமிழுழவர் வயலுக்கு நீர் இறங்கவிட்டனர்.