பேனை ஏந்திய வீராங்கனை

சூப்பர் ஹீரோ என்றதும் எங்கள் வீட்டுச் சிறுவர்கள் பெட்மேன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவனை வைத்து 2008இல் ‘கோதம் நைட்’ என்ற கார்ட்டூன் தொகுப்பு வெளிவந்தது. ஆறு குறும்படங்கள். ஜப்பானியக் கலைஞர்கள் ஒவ்வொன்றிலும் அவனை ஒவ்வொரு விதமாக வரைந்திருக்கிறார்கள். முதல் படத்தில், அவனைக் கண்ட பிள்ளைகளில் ஒருவர் நிழல் என்கிறார், ஒருவர் வௌவால் மிருகம் என்கிறார், இன்னொருவர் இயந்திரம் என்கிறார். கடைசியில் வந்து நிற்பவனோ காயம்பட்ட ஒரு மனிதன். பார்ப்பவர் மனதில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் போலும்.

இதைப் பார்த்தபோது எனக்கு ஜியாவின் நினைவு வந்தது. பாகிஸ்தானில் ஹாரூன் ரஷீத் உருவாக்கிய ‘புர்கா அவெஞ்சர்’ கார்ட்டூன் தொடரின் நாயகி அவள். 2013 ஜூலையில் உருது மொழியில் தொடங்கிய இத்தொடர் அமெரிக்காவின் பீபொடி விருதையும் பெற்றது. ஜியா ஹல்வாபூர் என்ற கற்பனை ஊரில் ஓர் ஆசிரியை. பெண்பிள்ளைகளின் பாடசாலையை மூட வருகிறவர்களை, கறுப்பு உடையில் முகத்தை மறைத்து வந்து விரட்டுகிறாள். அவள் கையில் துப்பாக்கி இல்லை. புத்தகமும் பேனையும்தான் ஆயுதம்.

அந்த உடையைப் பாகிஸ்தானிலேயே சிலர் குறை கூறினார்கள். தன்னை யாரென்று காட்டாமலிருக்கவே அவள் அதை அணிகிறாள் என்பது தயாரித்தவரின் பதில். வகுப்பில் பாடம் நடத்தும்போது அவள் அதை அணிவதில்லை.

நம் நாட்டில் 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. அப்போது நான் சிறுமி. உம்மா முகத்தை மூடுகிறவர் அல்லர். ஆனாலும் இரத்தினபுரி பஸ்ஸில் அவருடைய அபாயாவைச் சிலர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதே கறுப்பு நிறத்தில் பிள்ளைகளைக் காக்க ஒருத்தி வருவதைத் திரையில் கண்டபோது, கண் கலங்கிவிட்டது.

ஆனால், பெற்றோரே, உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஜியா எதற்காகப் போராடினாள் என்பதை மறந்துவிடுவோம். ஹல்வாபூரில் பாடசாலைக் கதவைப் பூட்ட வில்லன்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்த வில்லனும் வருவதில்லை. கதவு திறந்தே இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் குறைகிறார்கள். பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, பஸ் கட்டணம் கூடிவிட்டது, “பிள்ளை வளர்ந்திட்டா, இனிப் போதும்” என்று ஒரு பேச்சு. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே கதைதான்.

என்னோடு சாதாரண தரம் எழுதிய தோழி ஒருத்திக்கு விஞ்ஞானத்தில் ஏ சித்தி. உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க அவள் வெளியூர் விடுதியில் தங்க வேண்டும். வீட்டார் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். மகளைத் தூர அனுப்புவது லேசான காரியமா? அவள் இப்போது வீட்டில் தைக்கிறாள். சில வெள்ளிக்கிழமைகளில் வந்து என் கொப்பிகளை வாங்கிப் போகிறாள். திருப்பித் தரும்போது ஓரத்தில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருக்கும். சிலவற்றுக்கு எனக்கே விடை தெரியாது.

அவளை விடுதியில் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. அவளுடைய வாப்பாவும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார் என்று நம்புகிறேன்.