இருபது முகங்கள், பத்து எண்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரத்தின் வட கோடியில், ஒரு சலவை நிலையத்துக்கும் வியட்நாமிய உணவகத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. முன்பாதி முழுக்க அலமாரிகள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்கள், விரல் உயரப் போர்வீரர் பொம்மைகள், அவற்றுக்குப் பூசுவதற்கான சிறு பெயின்ட் குப்பிகள், மேஜிக் சீட்டுக்கட்டுகள். பின்பாதியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று போட்டு வைத்த மேஜைகள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். அக்கா மகனைக் கொண்டுவிடப் போனவன், சில வாரங்களில் நானும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

கல்லாவின் கண்ணாடிக்கு அடியில், விற்பனைக்கு இல்லாத ஒரு பகடை இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது பழுப்பேறியிருந்தது. ஓரங்கள் தேய்ந்து தேய்ந்து கோலிக்குண்டு போல ஆகிவிட்டது. அறுபதைத் தாண்டிய கடைக்காரர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இருபது முகம் கொண்ட பகடை. முகம் முகமாகத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருபது என்ற எண்ணே இல்லை. சைபர் முதல் ஒன்பது வரை பத்து எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. இருபது முகம் செய்தவர்கள் ஏன் பத்தோடு நின்றார்கள்? "அந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் வரும்" என்றார் அவர். நான் தேட ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என்று ஆளுக்கொரு பாத்திரம். டஞ்சன் மாஸ்டர் என்பவர் மட்டும் உலகத்தைச் சொல்கிறார்: எதிரே பள்ளம், பின்னால் துரத்தல், என்ன செய்கிறாய்? தாண்டுகிறேன் என்பது பதிலானால், இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்தான் தாண்டினாயா, விழுந்தாயா என்று தீர்ப்புச் சொல்லும். கதை சொல்பவர் எவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்தாலும் அந்த இடத்தில் அவர் கை ஓய்ந்துவிடுகிறது. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த கணம் அதுதான். எல்லோரும் ஒரே சமயத்தில் மேஜையை நோக்கிக் குனிவார்கள்.

1974-ல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இந்த ஆட்டம் அச்சானது. எழுதியவர்கள் இருவர். இன்ஷூரன்ஸ் வேலையை இழந்து, வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸ். செயின்ட் பாலை உள்ளடக்கிய மினசோட்டா இரட்டை நகரங்களைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன். முதல் அச்சு 1,000 பிரதிகள், மூன்று சிறு புத்தகங்கள், மரவரி போட்ட பழுப்புப் பெட்டி, விலை 10 டாலர். பெட்டிக்குள் பகடை கிடையாது. ஆனால் ஆட்டத்துக்குத் தேவையான பொருட்களின் பட்டியலில் நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள் இருந்தன. மளிகைக் கடையில் ஆறு முகப் பகடை கிடைக்கும். மற்றவற்றுக்கு எங்கே போவது? கைகாக்ஸின் நிறுவனமே தனியாக விற்றது. அவர்கள் யாரிடம் வாங்கினார்கள்?

இதற்கான விடை கலிபோர்னியாவில் இருந்தது. கிரியேட்டிவ் பப்ளிகேஷன்ஸ் என்றொரு நிறுவனம், பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கான உபகரணங்களைத் தபாலில் விற்றுவந்தது. அதன் பட்டியலில் ஐந்து ஒழுங்குத் திண்மங்களும் ஒரு செட்டாக இருந்தன, முகங்களில் எண் பொறித்து. நிகழ்தகவு பாடம் நடத்துவதற்காக வந்த பொருள். கைகாக்ஸும் நண்பர்களும் அதற்கு முன்பு போக்கர் வில்லைகளில் 1 முதல் 20 வரை எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்து ஆடியவர்கள். அந்த செட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு வில்லைகள் தேவைப்படவில்லை. மஞ்சளில் நான்கு முகம், பச்சையில் எட்டு, நீலத்தில் பன்னிரண்டு, வெள்ளையில் இருபது. கல்லாவுக்கடியில் இருந்ததும் அந்த வெள்ளைதான். 1977-ல் வந்த அறிமுகப் பெட்டியோடு கடைக்காரர் வாங்கியது.

ஐந்து மட்டும் ஏன் என்று அந்தப் பாடத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எல்லா முகமும் ஒரே அளவிலான ஒரே ஒழுங்குப் பலகோணம், எல்லா முனையும் ஒரே மாதிரி என்று கேட்டால், இயற்கை நமக்குத் தரும் குவி வடிவங்கள் ஐந்துதான். யூக்ளிட் தன் 13-ஆம் புத்தகத்தை இந்த நிரூபணத்தோடு முடிக்கிறார். முகங்கள் சமம் என்பதால் வாய்ப்புகளும் சமம். நிகழ்தகவு ஆசிரியருக்கு வேண்டியதும் அதுதான், கதை ஆடுபவருக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பகுதியில் கிரேக்க எழுத்துகள் செதுக்கிய இருபது முகக் கற்பகடை ஒன்று இருக்கிறது, கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 4-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. தாக்லா பாலைவனச் சோலையில் கிடைத்த இன்னொன்றில், முகத்துக்கொரு எகிப்தியக் கடவுளின் பெயர். குறி கேட்கப் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆட்டக்காரர்கள் நியூயார்க் கல்லின் படத்தைக் காட்டி, நம் பகடைக்கு ஈராயிரம் வயது என்று பெருமைப்படுகிறார்கள். அதன் முன் நின்றபோது எனக்கும் சிலிர்த்தது. ஆனாலும் அதை மூதாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல்லிலிருந்து கலிபோர்னியப் பட்டியலுக்கு, சூதாடிகள் வழியாகவோ குறிசொல்பவர்கள் வழியாகவோ கைமாறி வந்த பாதை எதையும் நான் காணவில்லை. வடிவத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது வகுப்பறை. நூற்றாண்டுகளாக யூக்ளிடைக் கரும்பலகையில் வரைந்த ஆசிரியர்களுக்கு அந்தப் பெருமை போகட்டும்.

பத்து எண்களின் புதிரை இதுவும் அவிழ்க்கவில்லை. ஜப்பானில் ஆலைத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: இருபது முகம், சைபர் முதல் ஒன்பது, இரண்டிரண்டு முறை. அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் 'ரன்சூ-சை' ஆயிற்றே என்றார். அடுத்த முறை சந்தித்தபோது சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று இருபது முகப் பகடைகள். ஜப்பானியத் தரநிலைச் சங்கம் விற்றது. சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் முறைகளைப் பேசும் இஸட் 9031 என்ற ஜப்பானியத் தொழில் தரநிலையிலேயே இந்தப் பகடைக்கு இடம் உண்டு. மூன்றையும் சேர்த்து உருட்டினால் 000 முதல் 999 வரை ஓர் எண் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்போடு.

அப்போதுதான் பத்தின் காரணம் விளங்கிற்று. தசம எண் வேண்டும். பத்து சம முகம் கொண்ட ஒழுங்குத் திண்மம் கிடையாது. ஆகவே இருபது முகத்தை எடுத்து ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு முறை பொறித்தார்கள்.

ஆலையில் சமவாய்ப்பு எண் எதற்கு? இதை எனக்குச் சொன்னவர் சித்தப்பா. சென்னையில் பாடிக்குப் பக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். போரில் நொறுங்கிய ஜப்பான், 1950-ல் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்துப் புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டைப் பாடமாகக் கேட்டது. அவர் பெயரில் மறு ஆண்டே ஒரு பரிசையும் நிறுவியது. 1998-ல் பாடியின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் அந்தப் பரிசைப் பெற்றது, இந்தியாவிலேயே முதலாவதாக. அந்த அலை சுற்றுவட்டாரப் பட்டறைகளையும் தொட்டது. போனில் கேட்டபோது சித்தப்பா உற்சாகமாகிவிட்டார்.

"ஆயிரம் பீஸ் லாட்டு வந்தா ஆயிரத்தையும் அளக்க முடியாதுடா. இருபதை எடுத்துப் பார்ப்போம். எந்த இருபது? கையை விட்டா மேல இருக்கறதுதான் வரும். பெட்டி அடுக்கினவனுக்கும் அது தெரியும், நல்லதா மேல வச்சிருப்பான். அதனாலதான் எந்த பீஸை எடுக்கணும்னு நாம முடிவு பண்ணக் கூடாது. நாங்க எண் அட்டவணைதான் வச்சிருந்தோம். பகடைன்னா இன்னும் சுத்தம். அட்டவணையில எந்த வரியில ஆரம்பிக்கறதுங்கறதாவது நம்ம கையில இருக்கு."

பெட்டி அடுக்கியவரின் தந்திரமும் சோதிப்பவரின் சோம்பலும் தீர்ப்பில் நுழையாமல் தடுக்கச் செய்த கருவி, கதை சொல்பவரின் பாசமும் கோபமும் தீர்ப்பில் நுழையாமல் தடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செய்யும் வேலை ஒன்றுதான். இதை அறிந்த பிறகு, பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் மந்திரவாதிக்காக நான் பகடையை எடுக்கும்போது கூடுதல் மரியாதையோடு எடுக்கிறேன்.

ஆலையிலிருந்து ஆட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பொம்மைப் போர் ஆடியவர்கள். அந்த மரபு நீளமானது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் ராணுவத்துக்காக அமைத்த கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் ஆட்டத்திலேயே, சண்டையின் முடிவுகளைச் சொல்லத் தனியாகச் செய்த ஐந்து பகடைகள் உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டுப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சாதாரண ஆறு முகங்களையே நம்பியிருந்தார்கள். இரண்டைச் சேர்த்து உருட்டினால் 36-ல் ஆறு தடவை ஏழு வரும், ஒரே தடவைதான் இரண்டு வரும்; எண்கள் நடுவில் குவியும். ஒரு பீரங்கி இத்தனை தொலைவில் நூற்றுக்கு இத்தனை தடவை குறி தவறாது என்ற கணக்கை அதில் ஏற்றுவது சிரமம். இருபது முகத்தில் ஒவ்வொரு முகமும் துல்லியமாக ஐந்து சதவீதம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரப் போர் ஆட்டக் குழுவினர் ஜப்பானியப் பகடைகளைத் தருவித்துச் சக ஆட்டக்காரர்களுக்கு விற்றார்கள். 1971-ல் வெளியான டிராக்டிக்ஸ் என்ற டாங்கிப் போர் ஆட்டம் இருபது முகத்தைக் கொண்டே கணக்கிட்டது. அதை எழுதிய மூவரில் கைகாக்ஸும் ஒருவர். டிராகன்கள் வருவதற்கு முன்பே பகடை வந்துவிட்டது.

பிறகு எல்லாம் கடைகளின் கதை. கலிபோர்னியப் பட்டியலிலிருந்து வந்த பகடைகள் மிருதுவான மலிவு பிளாஸ்டிக். வகுப்பறையில் வாரத்துக்கு ஒரு முறை உருட்டுவதற்கானவை, இரவு முழுக்க உருட்டுவதற்கானவை அல்ல. 1 முதல் 20 வரை வேண்டுமென்றால் ஒரு பாதி எண்களுக்கு மட்டும் கிரேயானால் நிறம் தேய்த்து, அவற்றை 11 முதல் 20 என்று வைத்துக்கொள்வார்கள். 1979-ல் ஆட்டம் காட்டுத்தீயாகப் பரவ, பகடை போதாமல் போயிற்று. அறிமுகப் பெட்டிகளில் பகடைக்குப் பதிலாக எண்கள் அச்சிட்ட அட்டைத் தாளை வைத்து அனுப்பினார்கள்: கத்தரித்து, கோப்பையில் போட்டு, எடுத்துக்கொள்.

அமெரிக்காவிலேயே பல்முகப் பகடை வார்க்க முனைந்தவர்களில் முன்னோடி லூ சோக்கி, விமானப் படையில் இருந்தவர். மற்ற உற்பத்தியாளர்கள் மெருகேற்றுவதற்காகப் பகடைகளைப் பொடியோடு உருளையில் போட்டுச் சுழற்றுகிறார்கள், அதில் ஓரங்கள் சமமில்லாமல் தேய்கின்றன என்பது அவர் வாதம். மாநாட்டுக் கூடங்களில் போட்டியாளர்களின் பகடைகளை அடுக்கடுக்காக நிறுத்தி, உயரம் வேறுபடுவதைக் காட்டுவார். அவருடைய பகடைகள் கூரான ஓரத்தோடு, அச்சிலிருந்து வெட்டிய தழும்போடு வரும். எண்களுக்கு மை பூசும் வேலையும் வாங்குபவருடையது. ஒரு விளையாட்டுச் சாமானின் நேர்மைக்காக ஒருவர் இத்தனை ஆண்டுகள் நின்று பேசியதை நான் வணங்குகிறேன். அழகு பார்த்துப் பகடை வாங்கும் இன்றைய தலைமுறையும் அவரை முழுக்க மறக்கவில்லை. உப்புநீரில் மிதக்கவிட்டு, ஒரே முகம் மேலே வருகிறதா என்று சோதிப்பவர்கள் கடைக்கு இன்னமும் வருகிறார்கள்.

தட்டுப்பாட்டுக் காலம் எப்படி இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கு அப்போது பள்ளிக்கூட வயது. ஊரில் இருந்த ஒரே ஹாபி கடை பொம்மை ரயில்களும் விமான மாடல்களும் விற்பது. உரிமையாளருக்கு டிராகன்களில் ஆர்வமில்லை. பகடை வந்ததா என்று சனிக்கிழமைதோறும் பையன்கள் நச்சரிக்க, அவர் ஒரு நோட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்தார். சரக்கு வந்த அன்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். அதுவரை ஆளுக்கொரு வீட்டில், கத்தரித்த அட்டைகளோடு, தம்பி தங்கையைக் கெஞ்சி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒரே பிற்பகலில் ஒரே கல்லாவின் முன் வரிசையில் நின்றார்கள். இத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் அந்த உரிமையாளர், சரக்கறையில் ரயில் பெட்டிகளை ஒதுக்கி, கழற்றிப் போட்டிருந்த ஒரு கதவை இரண்டு முக்காலிகள் மேல் கிடத்திக் கொடுத்தார். வாடகை கிடையாது. ஆறு மணிக்குக் கடை மூடும்போது பெருக்கிவிட்டுப் போக வேண்டும், மாதம் ஒருவர் ஒரு பெயின்ட் குப்பியாவது வாங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.