தலைமடையில் ஓர் இரவு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கிறது, ஹீலா தேசிய வனம். சாலையோ, வண்டியோ நுழையாமல் காடாகவே விடப்பட்ட பகுதி, அந்நாட்டில் முதன்முதலாக 1924-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது இங்குதான்.

இந்த வனத்தில், ஹீலா ஆற்றங்கரையில் உள்ள ‘ஃபோர்க்ஸ்’ முகாமில் கட்டணம் கிடையாது. மின்சாரமும், குடிநீர்க் குழாயும் கிடையாது. கூடாரம், உணவு, தண்ணீர் எல்லாவற்றையும் தங்குபவர்களே கொண்டுவர வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். முகாமில் ஒரு சொட்டு விழாவிட்டாலும், மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கும். 2012, 2022-ம் ஆண்டுகளில் காட்டுத்தீ எரித்த சரிவுகளில் நீர் மண்ணில் இறங்காமல் வழிந்தோடும். அதனால், விவரம் தெரிந்தவர்கள் மணல்திட்டை விட்டு மேட்டில்தான் கூடாரம் அடிப்பார்கள்.

சோப்பு போட்டுப் பாத்திரம் கழுவுவது, குளிப்பது எல்லாம் ஆற்றிலிருந்து 60 மீட்டர் தள்ளித்தான். அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு ஏன்? கீழே, அரிசோனா மாநிலத்தில் பருத்தியும் குதிரைமசாலும் இந்த நீரில்தான் விளைகின்றன. பாசனத்துக்கு எடுத்தது போக, கொலராடோ ஆற்றைச் சேருமுன்பே ஹீலா பெரும்பாலும் வறண்டுவிடுகிறது. தலைமடையில் கலக்கும் அழுக்கு, கடைமடை விவசாயியின் வயலுக்குத்தான் போய்ச் சேரும்.