385 கிலோமீற்றர்

கனடா எண்டா எங்களுக்கு ஸ்காபரோதான். மிஞ்சிப்போனா மொன்றியல். ஆராவது ஒரு மாமா, ஒரு சித்தி அங்க இருப்பினம், வட்ஸ்அப்பில பனியைக் காட்டுவினம். அந்த நாட்டின்ர மேல்பக்கத்தில் என்ன இருக்கு என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு இரவு சும்மா ஃபோனில் வரைபடத்தை மேலே தள்ளிக்கொண்டே போனோம். மரங்களும் முடிந்து, வெறும் தீவுகளாக வந்த இடத்தில் இரண்டு விமான நிலையங்கள்: ரெசொலூட், கிறீஸ் ஃபியோர்ட்.

இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 385 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு றோட்டால் போகிற தூரம் மாதிரித்தான். ஆனால் அங்கே றோட்டே இல்லை. ட்வின் ஒட்டர் என்கிற சின்ன விமானம் மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறந்தால் ஒன்றரை மணித்தியாலம். அதுவும் கணக்குக்குத்தான். கிறீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல் போட்டது, கட்டை, பக்கத்திலேயே மலை. காற்றோ மூடுபனியோ வந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் வராது. காந்தத் திசைகாட்டியைக்கூட அந்தப் பக்கம் நம்பேலாதாம்!

2021 கணக்கெடுப்பில் ரெசொலூட்டில் 183 பேர், கிறீஸ் ஃபியோர்டில் 144 பேர். இந்தச் சனம் ஏன் அங்கே போய் இருக்குது?

அவர்களாகப் போகவில்லை. 1953இல் கனடிய அரசாங்கம் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. அங்கே வேட்டை நல்லாக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருசத்தில் திரும்பலாம் என்றார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. ஆளில்லாத தீவுகளில் கனடாவின் உரிமையைக் காட்டத்தான் இந்த மனிசரை அங்கே வைத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது.

எங்களால் தாண்டிப்போக முடியாத இடம் இதுதான். எல்லாரையும் ஒரே இடத்தில் விடப்போவதில்லை என்பது அந்தச் சனத்துக்குக் கப்பலில் வைத்துத்தான் தெரியவந்தது. சொந்தபந்தங்களைப் பிரித்து, கொஞ்சப்பேரை ரெசொலூட்டிலும் மற்றவர்களைக் கிறீஸ் ஃபியோர்ட் பக்கத்திலும் இறக்கினார்கள். நாங்கள் ஃபோனில் பார்த்த அந்த 385 கிலோமீற்றர் அப்படி வந்ததுதான். அவர்களிடம் அப்போது விமானமா இருந்தது? இடையில் கடலும் பனிக்கட்டியும்.

2006இல் ஏ9 பாதை பூட்டினதுக்குப் பிறகு கொழும்பு எவ்வளவு தூரமாப் போச்சுது எண்டு எங்கட வீட்டு ஆக்கள் இப்பவும் சொல்லுவினம். கிலோமீற்றர் கூடவில்லை. விடுவாங்களோ இல்லையோ என்பதுதான் தூரம். அதனாலோ என்னவோ இந்தக் கதை எங்களுக்கு வேற்று நாட்டுக் கதையாகப் படவில்லை.

1996இல் 1 கோடி டொலர் இழப்பீட்டு நிதி ஒன்று வந்தது. மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. கப்பலில் போன பெரியவர்களில் பலர் அதற்குள் செத்துப்போயிருப்பார்கள்.

அதே வருசம் இரண்டு ஊரிலும் சிலை வைத்தார்கள். கிறீஸ் ஃபியோர்டில் ஒரு பெண், ஒரு சின்னப் பெடியன், ஒரு நாய். அந்தப் பெண் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரெசொலூட்டில் தனிய ஒரு ஆண். அவர் பார்ப்பது கிறீஸ் ஃபியோர்ட் பக்கம்.