பெல்ட்டின் நிறம் சொல்லும் கதை

பெல்ட் என்றதும் நம்மூர் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கராத்தே வகுப்புதான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று கலர் மாறிக்கொண்டே வரும். சில இடங்களில் சில மாதங்களுக்கு ஒரு டெஸ்ட், டெஸ்ட்டுக்கு ஒரு ஃபீஸ், ஃபீஸ் கட்டினால் பெல்ட், கூடவே ஃபிரேம் போட்ட சர்டிஃபிகேட். (எல்லா வகுப்பும் அப்படி இல்லை. கராத்தே மாஸ்டர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்!)

பிரேசிலிய ஜியு ஜிட்சுவில் கதை கொஞ்சம் வேறு. பெரியவர்களுக்கு மொத்தமே ஐந்து நிறம்தான்: வெள்ளை, நீலம், ஊதா, பிரவுன், கறுப்பு. இந்த ஐந்தைத் தாண்டுவதற்குள் ஒரு ஆள் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, அந்தக் குழந்தையை ஸ்கூலில் சேர்த்தும் விடலாம். பத்து வருடம் ஆவது ரொம்ப சகஜம். அப்படிப்பட்ட ஒரு துணித்துண்டுக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகனை ஆரம்பித்தார். "கோ" என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க "டான்" என்றொரு முறை இருந்தது. கானோ அதை எடுத்து 1883-ல் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு முதல் டான் கொடுத்தார். கறுப்பு பெல்ட் அதற்குச் சில வருடங்கள் கழித்து வந்தது. கலர் கலராக பெல்ட் கட்டுகிற பழக்கம் பரவியது ஜப்பானில்கூட இல்லை, பாரிஸில். 1930-களில் அங்கே ஜூடோ சொல்லிக்கொடுத்த மிகினோசுகே கவாய்ஷிதான் அதைப் பிரபலமாக்கியவர். ஐரோப்பியர்களுக்குப் பொறுமை குறைவு, நடுநடுவே ஏதாவது கொடுத்தால்தான் தொடர்ந்து வருவார்கள் என்று கணக்குப் போட்டாராம். நல்ல வியாபார மூளை!

"அந்தக் காலத்தில் பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்கள், வெள்ளை பெல்ட் அழுக்கேறி அழுக்கேறி கறுப்பாகிவிடும்" என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் வெறும் கதை. இருந்தாலும் இதை நம்பி இன்றைக்கும் பெல்ட்டைத் துவைக்காமல் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. துவைத்தால் உள்ளே ஏறியிருக்கும் வித்தை போய்விடுமாம். பக்கத்தில் படுத்து உருளுகிறவன் பாடு யாருக்குக் கவலை?

கானோவின் பள்ளியிலிருந்து வந்த மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்து பெலெம் நகரத்தில் தங்கினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேஸி 1925-ல் ரியோ டி ஜெனிரோவில் பள்ளி தொடங்கினார். அவருடைய தம்பி எலியோ கிரேஸி அதைப் பெரிதாக்கினார். அந்தக் காலத்து கிரேஸி பள்ளியில் இத்தனை நிறம் கிடையாது. மாணவன் என்றால் வெள்ளை, உதவியாளர் என்றால் வெளிர்நீலம், சொல்லித்தரும் ஆசிரியர் என்றால் கருநீலம். அவ்வளவுதான். நீ கற்றுக்கொள்பவனா, கற்றுத்தருபவனா என்பதைத் தவிர பெல்ட் வேறொன்றும் சொல்லவில்லை. 1967-ல் அந்தப் பகுதிக்கான ஃபெடரேஷன் உருவானபோதுதான் இன்றைய வரிசைக்கு அடித்தளம் போடப்பட்டது.

இப்போது பெரிய போட்டிகளை நடத்துவது ஐ.பி.ஜே.ஜே.எஃப் என்ற அமைப்பு. அதன் விதிப்புத்தகத்தைப் படித்தால் ஏதோ அரசு அலுவலகத்தின் ப்ரமோஷன் விதிகளைப் படிப்பது போலவே இருக்கும். நீலத்தில் குறைந்தது 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பிரவுனில் ஒரு வருடம். கறுப்புக்கு வயது 19 ஆகியிருக்க வேண்டும். கறுப்போடு முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் அடுத்த வரிசையே ஆரம்பிக்கிறது. முதல் மூன்று டிகிரிக்கு மும்மூன்று வருடம், அடுத்த மூன்றுக்கு ஐந்தைந்து வருடம், அதற்கப்புறம் ஏழு வருடம் காத்திருந்தால் சிவப்பும் கறுப்பும் கலந்த பெல்ட். இன்னும் ஏழு வருடத்தில் சிவப்பும் வெள்ளையும். மேலும் பத்து வருடம் கழித்து முழுச்சிவப்பு. கூட்டிப் பாருங்கள்: 9 + 15 + 7 + 7 + 10, மொத்தம் 48 வருடம். 19 வயதில் கறுப்பு வாங்கியவன்கூட 67 வயதுக்கு முன்னால் சிவப்பைத் தொட முடியாது. எந்த வங்கி டெபாசிட்டும் இவ்வளவு நாள் முதிர்ச்சிக்குக் காத்திருக்கச் சொல்லாது.

இந்தக் கணக்கு வெறும் காகிதத்தில் இருப்பதில்லை. பெண்களில் முதலில் பிளாக் பெல்ட் வாங்கியவராகச் சொல்லப்படும் இவோனே டுவார்டேக்கு அது கிடைத்தது 1990-ல். ஏழாவது டிகிரி, அதாவது அந்தச் சிவப்பு-கறுப்பு பெல்ட், கிடைத்தது 2021-ல். சரியாக 31 வருடம். அந்த 31 வருடத்தில் எத்தனை பேர் நடுவில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்!

சரி, இந்தப் பெல்ட்டை யார் கொடுப்பது? பெரும்பாலான இடங்களில் பரீட்சை கிடையாது, மார்க் ஷீட் கிடையாது. ஆசிரியர் பார்க்கிறார், அவருக்குத் தோன்றுகிற அன்றைக்குக் கொடுக்கிறார். நடுவில் பெல்ட்டின் நுனியில் வெள்ளை டேப் சுற்றிவிடுவார், அதுதான் ஸ்ட்ரைப். ஒரு நிறத்துக்கு நான்கு ஸ்ட்ரைப். (வாஷிங் மெஷினில் போட்டால் இரண்டு கழன்றுவிடும், அது வேறு சோகம்.) பிளாக் பெல்ட்டைப் பொறுத்தவரை, கொடுப்பவரே இரண்டாம் டிகிரி பிளாக் பெல்ட்டாக இருக்க வேண்டும் என்று ஐ.பி.ஜே.ஜே.எஃப் சொல்கிறது. ரூபாய் நோட்டில் கவர்னர் கையெழுத்து இருப்பது போலத்தான். துணிக்கு ஒரு மதிப்பும் இல்லை, யார் கையால் வந்தது என்பதில்தான் மதிப்பு. அதனால்தான் அங்கே ஒருவரிடம் பேச ஆரம்பித்ததுமே "உன் ஆசிரியர் யார்? அவருக்கு யார் கொடுத்தார்?" என்று மயேடா வரைக்கும் வம்சாவளி கேட்கிறார்கள்.

நோட்டுக்கும் பெல்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நோட்டு நல்லதா கள்ளதா என்று தினமும் யாரும் சோதிப்பதில்லை. பெல்ட்டைத் தினமும் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் நிஜமாகவே மல்லுக்கட்ட வேண்டும். கையையோ கழுத்தையோ பிடித்து மடக்கும்போது தாங்கவில்லை என்றால் எதிராளியைத் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வி. பொய்யாகப் பெல்ட் கட்டியவன் ஐந்து நிமிடம்கூடத் தாங்கமாட்டான். போலி டிகிரியோடு இருபது வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பாயில் அது நடக்காது.

ஆனால் இந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் வேலை, முதுகுவலி, வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு. மூன்று வருடம் விடாமல் வந்து நீல பெல்ட் வாங்குகிறார். அடுத்த வாரமே பள்ளியில் மல்யுத்தம் செய்த இருபது வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்கிறான். இடுப்பில் வெள்ளை பெல்ட், கட்டிய மடிப்புகூடக் கலையவில்லை. முதல் நாளே அவரைப் புரட்டிப்போட்டு அமுக்கிவிடுகிறான். அன்று ராத்திரி அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன நினைப்பார்? "இந்த நீலத்துக்கு எனக்குத் தகுதி இல்லை." அநேகமாக அதைத்தான் நினைப்பார். நீல பெல்ட் வாங்கிய கொஞ்ச நாளில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் அவ்வளவு பேர். அதற்கு அந்த உலகத்தில் தனியாகப் பெயரே இருக்கிறது, ப்ளூ பெல்ட் ப்ளூஸ். வெள்ளையாக இருந்தவரை தோற்பது அவமானமாக இல்லை. நீலம் கட்டிய பிறகு ஒவ்வொரு தோல்வியும் பெல்ட் மீது விழுகிறது.

அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும். பெல்ட் ஆளோடு ஆளை ஒப்பிடும் அளவுகோல் என்றால் இருபது வயசுக்காரர்கள் மட்டும்தான் அதைக் கட்ட முடியும். போட்டிகளிலேயே வயது, எடை, பெல்ட் மூன்றையும் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள் பார்ப்பது நேற்றைய அந்த ஆளை. மூன்று வருடம் முன்பு கீழே மாட்டினால் மூச்சு முட்டிப் பதறினவர், இன்று அதே பையனுக்கு அடியில் மாட்டியும் நிதானமாக மூச்சு விட்டு, முழங்கையை உள்ளே நுழைத்து, இடுப்பை நகர்த்தி வெளியே வர முயற்சி செய்கிறாரே, அதற்குத்தான் நீலம். ஜெயித்தாரா என்பது இரண்டாவது விஷயம்.

இதே வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் ஆபத்தும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. "உன் பயணம் உன்னுடையது" என்று சொல்லிச் சொல்லியே மாதச் சந்தா கட்டுகிற எல்லோருக்கும் பெல்ட்டை நீட்டிவிடலாம். சில இடங்களில் பெல்ட் விழாவுக்குத் தனிக்கட்டணமும் வந்துவிட்டது. இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. ஊதாவுக்குத் தயாரான ஆளை வேண்டுமென்றே நீலத்திலேயே நிறுத்திவைத்துப் போட்டிகளில் மெடல் அள்ள வைப்பது! ஒருபக்கம் பணவீக்கம், மறுபக்கம் பதுக்கல். எலியோ கிரேஸியே கடைசிக்காலத்தில் தன் சிவப்பு பெல்ட்டைக் கட்டாமல் பழைய கருநீலத்தைக் கட்டினார். இத்தனை உயரத்துக்குப் போன மனிதர் கடைசியில் "ஆசிரியர்" என்ற நிறத்துக்கே திரும்பினார். 2009-ல் 95 வயதில் இறந்தார்.

பெல்ட் பொய் சொல்லுமா என்று கேட்பவர்களுக்கு 2003-ம் வருடக் கதை ஒன்று இருக்கிறது. சாவ் பாவ்லோவில் ஏ.டி.சி.சி போட்டி. பெல்ட்டே கட்டாமல் மோதும் போட்டி அது. எலியோவின் மகனும் பலமுறை உலக சாம்பியனுமான ராய்லர் கிரேஸிக்கு எதிரே நின்றவர் எடி பிராவோ என்ற அமெரிக்கர். அப்போது அவர் வெறும் பிரவுன் பெல்ட். கால்களால் கழுத்தைப் பூட்டி ராய்லரைத் தட்ட வைத்துவிட்டார்! ஊர் திரும்பியதும் அவருடைய ஆசிரியர் ஜான் ஜாக் மச்சாடோ பிளாக் பெல்ட் கொடுத்தார். அவர் அந்த ஒரு மேட்ச்சில் திடீரென்று பிளாக் பெல்ட் ஆகவில்லை. ஏற்கெனவே ஆகியிருந்தார், துணி கொஞ்சம் லேட்டாக வந்தது.

பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தத்துவ விசாரம். ரியோவின் மலைச்சரிவுக் குடிசைப்பகுதிகளில் இது சோறு. அங்கே கான்டகாலோவில் வளர்ந்து உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ டெரேரே, அதே இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு திட்டம் நடத்துகிறார். அது போன்ற இடங்களில் பழைய சீருடையை ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொண்டு கற்கிற பிள்ளைக்குப் பிளாக் பெல்ட் என்பது பாஸ்போர்ட் மாதிரி. அபுதாபியில் 2008-ல் பள்ளிகளுக்குள் ஜியு ஜிட்சு நுழைந்தபோது பிரேசிலிலிருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி வைத்தவர்கள் இன்னும் அதிகம். யுனிவர்சிட்டி பக்கம் போக முடியாத வீட்டுப் பையனுக்கு, இடுப்பில் கட்டியிருப்பதுதான் பட்டம். அந்தப் பட்டத்தை எங்கேயோ ஒரு ஊரில் காசுக்கு விற்கிறார்கள் என்றால், மதிப்பு குறைவது இவன் இடுப்பில்.

பெல்ட் மாறுகிற நாள் எப்படி இருக்கும்? பல இடங்களில் ஒரு முரட்டு வழக்கம் இருந்தது. எல்லோரும் இரண்டு வரிசையாக நின்று தங்கள் பெல்ட்டைக் கழற்றிக்கொள்ள, புதிதாக வாங்கியவன் நடுவே நடந்து போக வேண்டும். முதுகில் சரமாரியாக விழும். இப்போது நிறைய இடங்களில் நிறுத்திவிட்டார்கள், நல்லது. மற்றபடி ஆசிரியர் பழைய பெல்ட்டை அவிழ்த்து, புதியதைத் தானே கட்டிவிடுவார். கை குலுக்கல், கட்டிப்பிடித்தல், ஒரு போட்டோ. அவ்வளவுதான் விழா.

மறுநாள் வகுப்பில் பெல்ட் வரிசைப்படி நிற்பார்கள். நேற்றுவரை வெள்ளைகளின் வரிசையில் முதல் ஆளாக நின்ற அந்த நாற்பத்தைந்து வயதுக்காரர், இன்று நீலங்களின் வரிசையில் கடைசி ஆள். புது பெல்ட் விறைப்பாக இருப்பதால் முடிச்சு நிற்காது. வார்ம் அப் முடிவதற்குள் இரண்டு தடவை அவிழ்ந்துவிடும்.